புள்ளிக்கு வலப்பக்கம் யார்?

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மாலை வேளைகளில் கணக்குப் போட வரும் பிள்ளைகளுள், ஏழாம் வகுப்புக்குப் புதிதாகப் போயிருந்த ஒரு பையனிடம், 4.3 என்ற எண்ணோடு 2.4 என்ற எண்ணைக் கூட்டச் சொன்னேன். அவன் நோட்டில் புள்ளிக்கு நேரே புள்ளி வைத்து, 6.7 என்று அழகாக எழுதிக் காட்டினான். சபாஷ் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், "மழைக்கு முன்னாலே 4.3 ஓவர் போட்டாங்க, மழை விட்டப்புறம் 2.4 ஓவர் போட்டாங்க. ஆக மொத்தம் எத்தனை ஓவர்?" என்று கேட்டேன். அவன் நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏழு புள்ளி ஒண்ணு" என்றான்.

சொன்ன பிறகுதான் தான் எழுதி வைத்திருந்த 6.7 அவன் கண்ணில் பட்டது. அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ இது தப்பா, தாத்தா?"

"இல்லை."

"அப்போ நான் சொன்னது தப்பா?"

"அதுவும் இல்லையே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் குழந்தை ஒன்று களுக்கென்று சிரித்தது. பையனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கணக்கு என்பது ஒரே கேள்விக்கு ஒரே விடை தருகிற ஒழுங்கான சாஸ்திரம் என்று அதுவரையில் நம்பிக்கொண்டிருந்த அவனுடைய மனத்தில், அன்று ஒரு சின்னச் சந்தேகம் விழுந்ததை நான் கண்ணாரக் கண்டேன். முப்பத்து நாலு வருஷம் கணக்கு உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு, அப்படி ஒரு சந்தேகம் விழும் முகத்தைப் பார்ப்பதைக் காட்டிலும் பெரிய சம்பாவனை ஒன்றும் கிடையாது.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குச் சமீபத்தில் உள்ள ஒரு சிற்றூர். என்னிடம் வருகிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்தாம். காசு வாங்குவதில்லை, வாங்கினால் மறுநாளே 'மார்க் ஏன் ஏறவில்லை' என்று பெற்றோர்கள் கேட்பார்கள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வயதை நான் கடந்துவிட்டேன். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வியாதி: முழு எண்களில் சிங்கம், பின்னம், தசமம், அளவைகள் என்று வந்துவிட்டால் பூனை. அவர்கள் தப்புச் செய்வதைப் பல மாதங்களாகக் கூர்ந்து கவனித்ததில் எனக்கு உண்டான ஓர் அபிப்பிராயத்தைத்தான் இங்கே சாவகாசமாக எழுத உத்தேசித்திருக்கிறேன். பின்னம், தசமம், அளவை என்று பாடப் புத்தகம் மூன்று அத்தியாயங்களாகப் பிரித்து வைத்திருப்பவை உண்மையில் மூன்று விஷயங்களே அல்ல. மூன்றும் அலகைப் பற்றிய ஒரே விஷயம். பிள்ளைகள் அலகைக் கைவிட்டுவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் இடறி விழுகிறார்கள்.

புள்ளியையே எடுத்துக்கொள்வோம். கல்யாணத் தரகர் ஒருவர், ஒரு பையனின் உயரம் 5.9 என்றும் இன்னொருவனின் உயரம் 5.10 என்றும் சொன்னால், இரண்டாமவனே நெட்டையன் என்பதில் பெண் வீட்டாருக்கு லவலேசமும் ஐயம் கிடையாது. அதே இரண்டு எண்களைக் கணக்கு நோட்டில் எழுதினால் 5.9 பெரியது, 5.10 சிறியது. பாடப் புத்தகத்திலோ பயிற்சி 1.9-க்கு அடுத்தாற்போல் பயிற்சி 1.10 வருகிறது, தசமம் கற்பிக்கிற புத்தகமே தன் பக்கத் தலைப்பில் தசமத்துக்கு விரோதமாக நடந்துகொள்வதை யாரும் குற்றமாகப் பாராட்டுவதில்லை. பேருந்து 1.30-க்குப் புறப்படுகிறது என்றால் அது ஒன்றரை மணி, பிரயாணம் 1.5 மணி நேரம் என்றாலும் அதுவும் ஒன்றரை மணிதான். நிலைமை இவ்வாறு இருக்க, 2.5 ரூபாய் என்பதை இரண்டு ரூபாய் ஐந்து பைசா என்று ஒரு குழந்தை படித்துவிட்டாலோ, 35 என்பது 4-ஐ விடப் பெரியதாகையால் 0.35 என்பது 0.4-ஐ விடப் பெரியது என்று வாதாடினாலோ, அந்தக் குழந்தையை மண்டு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. புள்ளி பல முதலாளிகளிடம் வேலை செய்கிற ஆள். இன்றைக்கு யாருடைய சம்பளத்தில் நிற்கிறது என்று விசாரிக்காமல் அதோடு வியவகாரம் வைத்துக்கொள்வதுதான் தவறு.

ஆகையால் என் திண்ணையில் புள்ளி வைத்த எண் எது வந்தாலும் முதலில் இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். புள்ளிக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் யார்? அவரில் எத்தனை பேர் கூடினால் இடப்பக்கத்தில் ஒருவர் பிறப்பார்? ஓவரில் வலப்பக்கம் இருப்பது பந்து. ஆறு கூடினால் ஓர் ஓவர். உயரத்தில் அங்குலம், பன்னிரண்டு கூடினால் ஓர் அடி. கடிகாரத்தில் நிமிஷம், அறுபது. வெறும் எண்ணில் பத்தில் ஒன்று, பத்து. இந்த விசாரணையைப் பத்து நாள் விடாமல் செய்த பிறகு, 0.4 என்பது பத்தில் நாலு, 0.35 என்பது பத்தில் மூன்றும் நூறில் ஐந்தும் என்று பிள்ளைகள் தாமாகவே படிக்கத் தொடங்கிவிட்டார்கள். 'பூஜ்யம் புள்ளி முப்பத்தைந்து' என்று வாசிப்பதை மட்டும் நான் தடை செய்திருக்கிறேன். 'பூஜ்யம் புள்ளி மூன்று ஐந்து' என்றே வாசிக்க வேண்டும். நாக்கு சரியாக இருந்தால் கை பாதி சரியாகிவிடும்.

தசமத்தை ஐரோப்பாவில் சாமானிய ஜனங்களின் உபயோகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், சீமோன் ஸ்டெவின் என்னும் நெதர்லாந்துப் பகுதி அறிஞர். வியாபாரிகளும் நில அளவைக்காரர்களும் பின்னங்களோடு படுகிற அவஸ்தையைக் கண்டு, 1585-ஆம் வருஷத்தில் டச்சு மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர், இன்று நாம் வைக்கிற புள்ளியை வைக்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்தின் பக்கத்திலும் ஒரு சிறு வட்டம் போட்டு, அதற்குள் 0, 1, 2, 3 என்று எழுதினார்: இது முழுமை, இது பத்தில் ஒன்று, இது நூறில் ஒன்று, இது ஆயிரத்தில் ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பெயர்ச் சீட்டு. எழுதுவதற்குத் தொல்லையான முறைதான். உலகம் அதைக் கைவிட்டுவிட்டுப் புள்ளியைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கற்றுக்கொள்கிற குழந்தைக்கு அந்தச் சீட்டுகள் அவசியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே முதல் மாதத்தில் நானும் எண்ணுக்கு மேலே 'ஒன்று', 'பத்தில்', 'நூறில்' என்று எழுதச் சொல்லுகிறேன். ஒரு நாள் அவர்களே அலுத்துப்போய், "இனிமே வேண்டாம், தாத்தா, தெரியும்" என்பார்கள். அந்த அலுப்பு வருகிற வரையில் காத்திருக்க வேண்டும், முந்திக்கொள்ளக் கூடாது.

பின்னத்துக்கும் இதே வைத்தியந்தான். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதாத குழந்தை உலகத்தில் எந்தத் தேசத்திலும் கிடையாது. அரையோடு எதையோ சேர்த்த பிறகு அது அரையை விடக் குறைந்துபோன அதிசயத்தை அது கவனிப்பதில்லை. நான் உடனே திருத்துவதும் இல்லை. "முக்கால் என்றால் என்ன?" என்று கேட்பேன். மூன்று கால். அதாவது கால் என்று ஒரு சாமான், அதில் மூன்று. ஐந்தில் இரண்டு என்றால், ஐந்திலொன்று என்று ஒரு சாமான், அதில் இரண்டு. பின்னத்தின் கீழே நிற்கிற பகுதி ஒரு பெயர். மேலே நிற்கிற தொகுதிதான் எண்ணிக்கை. இரண்டு மாம்பழத்தையும் மூன்று வாழைப்பழத்தையும் சேர்த்தால் ஐந்து மாம்பழமும் ஆகாது, ஐந்து வாழைப்பழமும் ஆகாது. ஐந்து பழம் ஆகும். இருவருக்கும் பொதுவான ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே கூட்டல் சாத்தியமாகிறது. அரையும் மூன்றில் ஒன்றும் ஆறிலொன்று என்ற பெயருக்குச் சம்மதிக்கின்றன: மூன்று ஆறிலொன்று, இரண்டு ஆறிலொன்று, ஆக ஐந்து ஆறிலொன்று. பொதுப் பகுதி காண்பது, மீச்சிறு பொது மடங்கு என்றெல்லாம் பெரிய நாமகரணங்களோடு புத்தகம் சொல்வது இவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் நம்முடைய பழைய பின்னப் பெயர்களை விடச் சிறந்த உபாத்தியாயர் எனக்குக் கிடைக்கவில்லை. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. இரண்டும் சேர்ந்தால் மாகாணி. எண்பதில் நாலும் எண்பதில் ஒன்றும் சேர்ந்து எண்பதில் ஐந்து, சுருக்கினால் பதினாறில் ஒன்று. மாகாணி என்பது வீசம். வேறு வேறு பகுதி கொண்ட இரண்டு பின்னங்களைக் கூட்டிக் காட்டுகிற வேலையைப் பெயரே செய்து வைத்திருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் பாதி, எட்டில் ஒன்று. இங்கே பெயர் பெருக்கிக் காட்டுகிறது. இருமா என்றால் பத்தில் ஒன்று, தசமத்தின் வாசற்படி. இவை எல்லாவற்றுக்கும் கீழே முந்திரி, முந்நூற்றிருபதில் ஒன்று. 320 என்ற எண் ஏன் வந்தது என்று என்னிடம் வருகிற பெண் ஒருத்தி கேட்டாள், நல்ல கேள்வி. அறுபத்து நாலை ஐந்தால் பெருக்கினால் 320. பாதி பாதியாக ஆறு தடவை வெட்டலாம், ஐந்தாகவும் பங்கு போடலாம். ஆகையால் வீசத்தின் வம்சத்துக்கும் மாவின் வம்சத்துக்கும் முந்திரி பொது மூதாதை. வீசம் இருபது முந்திரி, மா பதினாறு முந்திரி. பொதுப் பகுதியை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு செல்லப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பெயர்கள் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. நிலத்தை இன்னும் மா கணக்கில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இருபது மா ஒரு வேலி, ஏறக்குறைய மூன்று மா ஓர் ஏக்கர். அந்தப் பெண்ணின் தகப்பனார் ஐந்து மா குத்தகைக்குப் பயிரிடுகிறார். "ஐந்து மா வேலியில் எத்தனை பங்கு?" என்று கேட்டபோது, இருபதில் ஐந்து என்று எழுதி, சுருக்கி, கால் வேலி என்று அவளே சொன்னாள். தன் வீட்டு வயல் ஒரு பின்னம் என்று அன்று தெரிந்துகொண்டவள், வீட்டுக்குப் போய் அப்பாவைப் பரீட்சை செய்ததாகக் கேள்வி.

இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழர்கள் முந்நூற்றிருபதில் ஒன்றுக்குப் பெயர் வைத்தவர்கள் என்று மார்தட்டுகிற செய்தி கைப்பேசியில் எனக்கு மாதம் இரண்டு தடவை வருகிறது. அனுப்புகிறவரிடம், மா பெரியதா மாகாணி பெரியதா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அதன் பிறகு அவர் எனக்கு அனுப்புவதில்லை. காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் மீது காளமேகப் புலவர் பாடிய வெண்பா ஒன்றில், முக்காலில் தொடங்கிப் பின்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிலேடையில் இறங்கி வருகின்றன. அந்தச் சிலேடையைக் கேட்டுச் சிரிக்க முடிந்த சபைக்குப் பின்னம் நாக்கில் இருந்தது. எங்கள் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்திலோ எண்சுவடியை விடியற்காலையில் கத்திக் கத்தி மனப்பாடம் செய்தார்கள், பிரம்படியும் பட்டார்கள். அந்தப் பிரம்பு திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெயர்கள் திரும்பி வந்தால் போதும்.

என்னுடைய சொந்தக் கணக்கு வாழ்க்கை தொடங்கியது பள்ளிக்கூடத்தில் அல்ல, ஒரு பெட்டிக்கடை வாசலில். 1957-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதியன்று இந்தியாவில் நயா பைசா அமலுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயசு. அதுவரையில் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி; இனிமேல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. நூறைப் பதினாறால் வகுத்தால் ஆறேகால் வருகிறது. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஆகவே சர்க்கார் ஓர் அட்டவணை போட்டார்கள்: ஓர் அணாவுக்கு 6 நயா பைசா, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலு அணாவுக்கு 25. அந்த அட்டவணையைக் கடைக்காரர் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். கடலை மிட்டாய் ஒன்று ஓர் அணா. நாலு மிட்டாயை ஒன்றாக வாங்கினால் 25 பைசா; ஒவ்வொன்றாக நாலு தடவை வாங்கினால் 24 பைசா!

இந்த மகத்தான உண்மையை நான் எந்தப் புண்ணிய நேரத்தில் கண்டுபிடித்தேன் என்பது ஞாபகம் இல்லை. ஆனால் அதன் பிறகு ஒரு மிட்டாய் வாங்கிக்கொண்டு தெருமுனை வரையில் போய்த் திரும்பி வந்து இன்னொன்று வாங்குகிற விரதத்தை இரண்டு நாள் அனுஷ்டித்தேன். மூன்றாம் நாள் கடைக்காரர் என்னை உட்கார வைத்து, "ஏண்டா, உனக்குக் கால் வலிக்கலியா?" என்று கேட்டார். பிறகு ஒரு காகிதத்தில், ஒவ்வொரு தடவையும் என்னிடம் கால் பைசாவை அவர் விட்டுக்கொடுப்பதாகவும், நாலு கால் சேர்ந்து ஒரு பைசா ஆகிவிடுவதாகவும் எழுதிக் காட்டினார். தோராயத்தைக் கணக்கின் நடுவிலே செய்தால் ஒரு விடை, கடைசியில் செய்தால் வேறு விடை என்ற பாடத்தை நான் பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அதைச் சொன்னவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பிள்ளைகளுக்கு இன்றைக்கும் இந்தக் கதையைத்தான் சொல்லுகிறேன். முதலில், "ஒரு பைசாவுக்காகவா, தாத்தா?" என்பார்கள், பிறகு, பதினாறு மிட்டாய் வாங்கியிருந்தால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். நாலு பைசா.

பின்னத்தால் வகுப்பது என்ற கட்டம் வரும்போது, தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு என்கிற மந்திரத்தை எல்லாப் பிள்ளைகளும் சொல்லுகிறார்கள். ஏன் திருப்ப வேண்டும் என்று கேட்டால், டீச்சர் சொன்னாங்க என்பதோடு உபநிஷத்து முடிந்துவிடும். எங்கள் வீட்டுப் பரணில் பித்தளைப் படி ஒன்றும், உழக்கும், ஆழாக்கும் கிடந்தன. துலக்கி எடுத்துத் திண்ணையில் வைத்திருக்கிறேன். படியில் பாதி உரி. அதில் பாதி உழக்கு. அதில் பாதி ஆழாக்கு. ஆகவே ஆழாக்கு படியில் எட்டில் ஒன்று. முக்கால் படி அரிசியை ஆழாக்கால் அளந்து கொட்டினால் எத்தனை தடவை வரும்? அளந்து பார்த்தால் ஆறு தடவை. முக்காலை எட்டிலொன்றால் வகுத்தால் ஆறு. வகுத்தால் எண் சிறுத்துப்போகும் என்ற பிரமை அந்த ஆறாவது ஆழாக்கோடு கலைந்துவிடுகிறது: அளக்கிற பாத்திரம் சின்னதாக இருந்தால் அளக்கிற தடவை பெருகத்தானே செய்யும்? ஒரு படிக்கு எட்டுத் தடவை என்றால், முக்கால் படிக்கு எட்டின் முக்கால். எட்டால் பெருக்குகிறோம், திருப்பிப் போட்டது அதற்காகத்தான்.

இதற்கு அடுத்த படிதான் ஸ்வாரஸ்யம். முக்கால் படி கொள்ளுகிற ஒரு செம்பு இருக்கிறது. இரண்டு படி அரிசியை அதனால் அளந்தால் எத்தனை செம்பு? இரண்டு செம்பு அளந்தாகிவிட்டது, மீதி அரைப்படி நிற்கிறது. ஆகவே விடை இரண்டரை என்று பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். புத்தக விதிப்படி செய்து பார்த்தால் இரண்டும் மூன்றில் இரண்டும் வந்தது. அன்று சாயங்காலம் பெரிய கலவரம். விதி பொய்யா, அரிசி பொய்யா? அரை மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பேசாமலே இருக்கும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், மீந்த அரிசியைச் செம்பில் கொட்டி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இது படியிலே பாதி, செம்பிலே பாதி இல்லே" என்றான். அதே அரிசி, படி என்கிற அலகில் அரை, செம்பு என்கிற அலகில் மூன்றில் இரண்டு. எத்தனை செம்பு என்று கேட்ட கேள்விக்கு, எத்தனை படி என்ற கேள்விக்கு உரிய மிச்சத்தைப் பதிலாகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு கணக்குக்காக நான் ஒரு சாயங்காலம் முழுவதையும் கொடுத்தேன். முப்பது கணக்கு அச்சடித்த தாளைக் கொடுத்திருந்தால் முப்பதையும் விதிப்படி திருப்பிப் போட்டுச் சரியாக முடித்திருப்பார்கள்; செம்புக்குள் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வேகத்துக்குப் பரிசு கொடுக்கிற பயிற்சிகளின் மேல் எனக்கு உள்ள மனத்தாங்கலை இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அளவைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் ஓயாது. மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர் என்பதால் சதுர மீட்டருக்கும் நூறு சதுர சென்டிமீட்டர் என்று எழுதுவது சாதாரணம். தரையில் சாக்கட்டியால் ஒரு மீட்டர்ச் சதுரம் வரைந்து காட்டினால் பத்தாயிரம் என்று ஒப்புக்கொள்வார்கள். லிட்டரும் கிலோவும் ஒன்றே என்பதும் ஒரு பரவலான நம்பிக்கை. அதற்கு மருந்து எண்ணெய்ப் பாக்கெட்டிலேயே இருக்கிறது: ஒரு லிட்டர் என்று போட்டு, பக்கத்தில் 910 கிராம் என்றும் அச்சிட்டிருப்பார்கள். தண்ணீருக்குத்தான் லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ. எண்ணெய் தண்ணீரில் மிதப்பதைத் தினமும் பார்க்கிற வீட்டில் இது தெரியாமல் போனது ஏன் என்று ஒரு பாட்டியம்மாள் தம் பேத்தியைக் கேட்டாராம்.

ஆனால் அலகைக் கைவிட்டால் பரீட்சையில் மார்க் மட்டும் போகும் என்று நினைத்தால் அது பிசகு. எங்கள் தெருவில் சர்க்கரை வியாதிக்காக இன்சுலின் போட்டுக்கொள்ளும் அம்மாள் ஒருவர், தினமும் 20 யூனிட் தவறாமல் போட்டும் சர்க்கரை இறங்கவில்லையே என்று சில வாரங்கள் தவித்துக்கொண்டிருந்தார். என்னிடம் வருகிற எட்டாம் வகுப்புப் பெண் அவருக்குப் பேத்தி முறை. புட்டியில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்று போட்டிருக்க, மருந்துக் கடையில் கடைசியாகக் கொடுத்திருந்த ஊசிக் குழாயில் 100 என்று போட்டிருப்பதை அவள்தான் பார்த்தாள். நம் நாட்டில் 40-க்கு உரிய ஊசிக்குச் சிவப்பு மூடியும், 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடியும் வழக்கம், இது ஆரஞ்சு. 100-க்கு உரிய குழாயில் 20 என்ற கோடு வரையில் இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லிலிட்டர். அதில் 40 யூனிட் வீதத்துக்கு எவ்வளவு? எட்டு யூனிட். இருபது என்று நினைத்து எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்! உடனே டாக்டரிடம் அழைத்துப் போனார்கள், அவர் சரிசெய்தார். மாறாக, 100 யூனிட் மருந்தை 40-க்கு உரிய குழாயில் அதே கோடு வரையில் இழுத்திருந்தால் 50 யூனிட் உள்ளே போயிருக்கும். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பெண் என்னிடம் வந்து சொன்ன வார்த்தை இது: "இருபதுன்னு கோடு போட்டிருந்துச்சு தாத்தா, எதிலே இருபதுன்னு யாரும் பாக்கலே."

படித்தவர்களும் நிபுணர்களும் பார்க்காமல் விட்டதுண்டு. 1983-ஆம் வருஷம் ஜூலை 23-ஆம் தேதி, கனடாவில் மான்ட்ரியாலிலிருந்து எட்மன்டனுக்குப் புறப்பட்ட ஏர் கனடா விமானம் ஒன்று, ஏறக்குறைய 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு எஞ்சின்களும் நின்றுபோய், காற்றில் சறுக்கிக்கொண்டே வந்து, கிம்லி என்ற இடத்தில் கைவிடப்பட்டிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறங்கியது. உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். காரணங்கள் பல, நடுவிலே இருந்தது ஓர் எளிய பெருக்கல். அந்தத் தேசம் அப்போது பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. பிரயாணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ எரிபொருள். தொட்டியில் அளவுகோலை விட்டுப் பார்த்ததில் இருந்தது 7,682 லிட்டர். லிட்டருக்கு 1.77 என்று பெருக்கினார்கள், 13,597 வந்தது. அதைக் கிலோ என்று கொண்டு, 22,300-இல் கழித்து, மிச்சத்துக்குச் சுமார் 4,900 லிட்டர் ஊற்றினார்கள். ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டரின் எடை பவுண்டில். கிலோவில் அது 0.8 மாத்திரமே. சரியாகப் பார்த்திருந்தால் ஏறக்குறைய 20,000 லிட்டர் ஊற்றியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை நான் பிள்ளைகளிடம் கதையாகச் சொல்லுவதில்லை. எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, பிழை எங்கே என்று தேடச் சொல்லுகிறேன். பெருக்கலைச் சரிபார்ப்பார்கள், சரியாக இருக்கும். கழித்தலைச் சரிபார்ப்பார்கள், அதுவும் சரி. எண்களில் பிழையே இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். அப்போது ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் அதன் பெயரை எழுதச் சொல்லுவேன். லிட்டர், லிட்டருக்குப் பவுண்டு என்று எழுதிக்கொண்டே வந்து, விடைக்குப் பக்கத்தில் 'கிலோ' என்று எழுதப் போகிற கை தானாகவே நின்றுவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், விடை எவ்வளவு இருக்கும் என்று உத்தேசமாகச் சொல்லிவிட்டுத்தான் பென்சிலைத் தொட வேண்டும் என்பதும் எங்கள் வழக்கம். முக்கால் கிலோ உளுந்து, கிலோ 140 ரூபாய். நூறை ஒட்டி வருமா, இருநூறை ஒட்டி வருமா? நூறை ஒட்டி என்று சொன்னவன் 1,050 என்று எழுத மாட்டான். எழுதினாலும் தானே அடித்துவிடுவான்; அடித்ததை அழிப்பானால் தேய்க்கக் கூடாது, எனக்கு அது வேண்டும். 0.5 என்று எழுதும்போது முன்னாலே இருக்கிற பூஜ்யத்தைச் சோம்பலினால் விட்டுவிடவும் கூடாது. மருந்துச் சீட்டில் அந்தப் பூஜ்யத்தை விட்டால் .5 என்பது 5 ஆகப் படிக்கப்பட்டுப் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும் என்று நர்ஸ் படிப்பில் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாளுக்கு ஐந்து கணக்குக்கு மேல் நான் கொடுப்பதில்லை. சில நாள் ஒன்றுதான்.

போன வாரம் அந்த ஓவர்க் கணக்குப் பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "தாத்தா, டீவியிலே தப்பாப் போடறான்!" என்றான். 12.4 ஓவரில் 107 ரன். ரன் ரேட் 8.45 என்று திரையில் வந்ததாம். அவன் 107-ஐ 12.4 ஆல் வகுத்துப் பார்த்தால் 8.63 வருகிறது. இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டானாம். கால்குலேட்டரும் அவன் பக்கம்தான் சாட்சி சொல்லுகிறதாம். நான் ஒன்றும் சொல்லாமல், புள்ளிக்கு வலப்பக்கம் விரலை மட்டும் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் தன் நோட்டை உற்றுப் பார்த்தான். பிறகு எழுபத்தாறு பந்து என்று முணுமுணுத்தான். வகுத்தான், ஆறால் பெருக்கினான், 8.447 என்று வந்ததும் நிமிர்ந்தான்.

"ஒரே வரியிலே ரெண்டு புள்ளி, தாத்தா. இது வேற, அது வேற. பக்கத்துப் பக்கத்துலே போட்டிருக்கான், யாருமே ஒண்ணும் சொல்லலே!"

வீட்டில் மாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. நோட்டைத் திண்ணையிலேயே போட்டுவிட்டு ஓடிவிட்டான்.